"எந்த பைபிள் வாங்கலாம்?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது

யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் நம் கையில் இருக்கிற பைபிளின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். நல்ல கிறிஸ்தவப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்றால் கடைசியாகப் படித்து முடித்ததைச் சொல்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அதில் ஒரு தடவை செய்த தவறு இன்னும் மனதில் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணவரை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு அக்கா, ஆங்கிலப் புத்தகங்கள் நிறையப் படிக்கிறவர், "ராத்திரி தூக்கம் வரலை, படிக்க ஏதாவது கொடு" என்று கேட்டார். நான் சி. எஸ். லூயிஸ் 1940-ல் எழுதிய 'த ப்ராப்ளம் ஆஃப் பெயின்' புத்தகத்தைக் கொடுத்தேன். கடவுள் நல்லவர் என்றால் உலகத்தில் இவ்வளவு வேதனை ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு படிப்படியாக வாதம் செய்துகொண்டு போகிற நல்ல புத்தகம் அது. மூன்றே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுல பதில் நிறைய இருக்கு. எனக்கு இப்ப பதில் வேண்டாம்" என்றார், அவ்வளவுதான்.

அதே லூயிஸ், 1960-ல் மனைவி ஜாய் இறந்த பிறகு தன் துக்கத்தை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, 1961-ல் வேறொரு பெயரில் வெளியிட்டார். 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் ஒழுங்கான வாதம் எதுவும் இல்லை. கடவுள் எங்கே போனார் என்று கோபப்படுகிற பக்கங்கள் இருக்கின்றன, அடுத்த பக்கத்தில் அந்தக் கோபத்தையே சந்தேகப்படுகிற வரிகள் இருக்கின்றன. அந்த அக்காவுக்கு அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். எழுதியவர் ஒருவர்தான், பொருளும் ஏறக்குறைய ஒன்றுதான், நடுவில் 21 வருடம். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகுதான், ஒரு புத்தகம் நல்ல புத்தகமா என்று கேட்பதற்கு முன்னால் இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் இது ஆகுமா என்று கேட்க ஆரம்பித்தேன். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

முதலில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

பைபிள் கேட்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, வாய்விட்டுப் படிக்கவா மனதுக்குள் படிக்கவா என்று. இரண்டாவது, இதற்குமுன் படிக்க ஆரம்பித்து எந்த இடத்தில் விட்டார் என்று. பெரும்பாலும் ஆதியாகமத்தை ஆசையாக முடித்து, யாத்திராகமத்தில் செங்கடலைக் கடந்து, அப்புறம் 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு ஆரம்பித்ததும் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு மொழிபெயர்ப்பு இல்லை, வேறு தொடக்கம். மாற்கு சுவிசேஷத்தில் மொத்தம் 16 அதிகாரம்தான், நான்கில் அதுதான் சிறியது, ஒரே மாலையில் படித்துவிடலாம். அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், புது பைபிள் வாங்கவே தேவையிருக்காது.

மூன்றாவது கேள்வி, ஜெபிக்கும்போது அவர் வாயில் தானாக வருவது "கர்த்தாவே" என்பதா, "ஆண்டவரே" என்பதா? கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழில் பைபிள் பரிந்துரைக்கிறவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது என்பேன். காரணம், நம் மொழியில் வேதம் இரண்டு சொற்குடும்பங்களில் இருக்கிறது. தேவன், கர்த்தர், விசுவாசம், கிருபை, இரட்சிப்பு, ஞானஸ்நானம், சுவிசேஷம், சங்கீதம் என்று ஒரு பக்கம். கடவுள், ஆண்டவர், நம்பிக்கை, அருள், மீட்பு, திருமுழுக்கு, நற்செய்தி, திருப்பாடல் என்று இன்னொரு பக்கம். ஒரு பக்கத்தில் வளர்ந்தவரிடம் மறுபக்கத்தை நீட்டினால் புரியாமல் போகாது, ஆனால் இது என்னுடைய வேதம் இல்லை என்று மனசு ஒதுங்கிவிடும், புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

இந்த ஒதுக்கம் இன்று நேற்று வந்ததில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ், தன் மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறிக்க 'பராபரன்' என்று எழுதினார். 1871-ல் முழு வேதாகமமாக வந்த ஐக்கிய திருப்புதல் 'தேவன்' என்று எழுதியது. லுத்தரன் சபைகள் பல வருடம் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பை விடவே இல்லை. அன்றைக்கு அவர்களுக்குப் புதிதாக உறுத்திய அதே 'தேவன்' என்ற சொல்லைத்தான் இன்று நம்மில் பலர் மாற்றவே கூடாத சொல்லாக நினைக்கிறோம். இதைத் தெரிந்துகொண்டால், "கடவுள் என்று போட்டிருக்கிறது, அது சரியில்லாத பைபிள்" என்றோ "இன்னுமா அந்தச் சமஸ்கிருதத் தமிழ்" என்றோ பேசமாட்டோம். இரண்டு பேச்சுமே பரிந்துரை கேட்டு வந்தவரை வேதத்திலிருந்து தள்ளித்தான் வைக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்புகளை எப்படி அறிமுகப்படுத்துவது

ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கிய திருப்புதல்தான் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கிற 'பழைய மொழிபெயர்ப்பு'. அதன் பலம் காதில் இருக்கிறது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை ஒரு தடவை கேட்டாலே மறக்காது. மனப்பாடம் செய்கிறவருக்கும், பிரசங்கம் கேட்டுக்கொண்டே வசனம் திருப்புகிறவருக்கும், கண் மங்கிய பெரியவருக்கு வாசித்துக் காட்டுகிறவருக்கும் நான் இதையே சொல்வேன். அவர்களுக்கு வேறு எதைக் கொடுத்தாலும் பாதி வரியில் பழைய வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

அதன் சிக்கலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 150 வருடத்தில் சில சொற்கள் நகர்ந்துவிட்டன. "பூமியிலே நான் பரதேசி" என்று 119-ஆம் சங்கீதம் சொல்கிறது. எழுதப்பட்ட காலத்தில் அது வேற்றிடத்தில் தங்கியிருப்பவன் என்ற பொருளில் வந்த சொல், இன்றைக்குத் தெருவில் அது ஒரு வசைச்சொல். 'தாழ்ச்சியடையேன்' என்பதைத் தாழ்ந்துபோகமாட்டேன் என்று புரிந்துவைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த வரி சொல்வது எனக்குக் குறை வராது என்பதைத்தான். அப்புறம் சேர்த்து எழுதப்பட்ட நீளமான சொற்கள். இப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அவை மூச்சு வாங்க வைக்கும்.

பொது மொழிபெயர்ப்பு, அதாவது 'திருவிவிலியம்', 1995-ல் வந்தது. கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து செய்த வேலை. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று அதே வசனம் இதில் நேராகப் புரிகிறது. நான் இதில் மிகவும் மதிக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் மோசே, பேதுரு, மரியாள் எல்லோருக்கும் அவன், அவள்தான். லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதனுக்குப் பதில் சொல்லும் மரியாள் அங்கே "என்றாள்", இங்கே மரியா "என்றார்". ஒரு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் தமிழ் படிக்கிறவருக்கு அந்த 'ர்' எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும். ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, வேதத்துப் பெண்கள் எல்லாம் தனக்குத் தெரிந்த மனுஷிகளாக மாறிவிட்டார்கள் என்று சொன்னாள். அவளுக்கு எதைப் பரிந்துரைப்பது என்று அதற்கப்புறம் யோசிக்கவே இல்லை.

'கர்த்தர்', 'தேவன்' என்ற சொற்கள் மாறக்கூடாது, ஆனால் வாக்கியம் எளிதாக இருக்கவேண்டும் என்பவருக்கு ஈஸி டு ரீட் என்ற வரிசையில் வந்த தமிழ் பைபிள் பொருந்தும். அது அதே வசனத்தை "கர்த்தர் என் மேய்ப்பர். எனக்குத் தேவையானவை எப்போதும் என்னிடமிருக்கும்" என்று இரண்டு சின்ன வாக்கியமாக உடைத்துவிடுகிறது. பாட்டு போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, வருத்தம் நியாயம்தான். ஆனால் பத்து வயதுப் பிள்ளை, பள்ளியில் தமிழ் படிக்காமல் வளர்ந்தவர், வேலை முடிந்து களைத்துவந்து பத்து நிமிடம் படிக்கிறவர், இவர்களுக்கெல்லாம் பாட்டைவிட முதலில் பொருள் வேண்டும். 2019-ல் வந்த இந்திய திருத்திய பதிப்பும் இருக்கிறது, பழையதன் வாக்கிய நடையை ஒட்டியே போய் சொற்களைப் பிரித்து இலகுவாக்கியிருக்கிறது. பழையதிலிருந்து ரொம்பத் தூரம் போக விரும்பாதவர் அதைப் பார்க்கலாம்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு பெரும்பாலும் ஒன்றை மட்டும் சொல்வதில்லை, இரண்டைச் சொல்கிறேன். காதுக்கு ஒன்று, புரிவதற்கு ஒன்று. மனப்பாடமாக வைத்திருப்பதை விடச்சொல்லாதீர்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள் என்று சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

மூன்று பகுதிகளை வைத்து அவரே தேர்ந்தெடுக்கட்டும்

யூவெர்ஷன் மாதிரியான செயலிகளில் பல மொழிபெயர்ப்புகள் இலவசமாகவே இருப்பதால் வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது எளிது. நான் கொடுக்கிற சோதனை மூன்று பகுதி: ஒரு கதை, ஒரு கவிதை, ஒரு வாதம். கதைக்கு லூக்கா 15, கெட்ட குமாரன் வீட்டுக்குத் திரும்புவது. கவிதைக்கு சங்கீதம் 139. வாதத்துக்கு ரோமர் 3:21 முதல் 26 வரை. இரண்டு மொழிபெயர்ப்பில் இந்த மூன்றையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கதையில் எல்லா மொழிபெயர்ப்பும் பாஸாகிவிடும். வாதத்தில்தான் யார் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியும்.

139-ஆம் சங்கீதத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். 13-ஆம் வசனத்தில் பழையது "நீர் என் உள்ளிந்திரியங்களைக் கைக்கொண்டிருக்கிறீர்" என்கிறது, பொது மொழிபெயர்ப்போ உள் உறுப்புகளை "உண்டாக்கியவர் நீரே" என்கிறது. கைக்கொள்வதும் உண்டாக்குவதும் ஒன்றா என்று படிக்கிறவர் கண்டிப்பாகக் கேட்பார். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருக்கிற வினைச்சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, ஒரு மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்தது, இன்னொன்று மற்றதை எடுத்தது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டால், மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை. 136-ஆம் சங்கீதமும் அப்படித்தான், 26 வசனத்திலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரே எபிரெயச் சொல்லைப் பழையது 'கிருபை' என்கிறது, புதியது 'பேரன்பு' என்கிறது. இரண்டையும் கூட்டினாலும் அந்தச் சொல் முழுசாகத் தமிழில் வந்துவிடாது.

எளிய மொழிபெயர்ப்பு கிடைத்துவிட்டால் விளக்கமே தேவைப்படாது என்றும் சொல்லிவிடாதீர்கள். 1 யோவான் 2:2-ல் பழையது 'கிருபாதாரபலி' என்கிறது, பொது மொழிபெயர்ப்பு 'கழுவாய்' என்கிறது. நல்ல தமிழ்ச்சொல்தான், ஆனால் இதையும் யாரும் அன்றாடம் பேசுவதில்லை. சில இடங்களில் சொல் மாறுவதால் மட்டும் வேலை முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பழைய ஏற்பாட்டின் பலிகளைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதிர்ச்சியாகக்கூடிய இடங்களை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகம், கத்தோலிக்க வேதாகமத்தில் 73. புதிய ஏற்பாடு இருவருக்கும் 27தான், வித்தியாசம் எல்லாம் பழைய ஏற்பாட்டில்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு, கூடவே எஸ்தர், தானியேல் நூல்களில் சில சேர்க்கைகள். திருவிவிலியம் இந்த இணைத்திருமுறை நூல்களோடும் கிடைக்கிறது. இதைச் சொல்லாமல் பரிசாகக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுப் பெரியவர் பொருளடக்கத்தைப் பார்த்து இது என்ன புது வேதம் என்று கேட்டால், கொடுத்த உங்கள் மேல் சந்தேகம் வராது, வேதத்தின் மேல்தான் வரும். கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். புத்தகப் பெயர்களையும் சொல்லுங்கள். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், பிரசங்கி சபை உரையாளர், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். ஆராதனையில் பிரசங்கியார் "நடபடிகள்" என்று சொல்லும்போது பக்கம் கிடைக்காமல் தடவிக்கொண்டிருப்பது சங்கடமான விஷயம்.

அடுத்தது 'காணாமல்போன' வசனங்கள். இது ரொம்பப் பேரைக் குழப்புகிறது, வேண்டுமென்றே குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7-ல் ஒரு பகுதி, ரோமர் 8:1-ன் பின்பாதி ஆகியவை பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும், புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும் அல்லது இருக்காது. மாற்கு 16-ன் கடைசிப் பகுதியும் யோவான் 8-ன் தொடக்கமும் அடைப்புக்குறியோடோ குறிப்போடோ இருக்கும். யாரும் வேதத்தை வெட்டவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரிகள் இல்லை, பிந்திய பிரதிகளில் இருக்கின்றன. பழைய மொழிபெயர்ப்பு பிந்திய பிரதிகளின் வழியில் வந்த பாடத்தைப் பின்பற்றியது, புதியவை முந்தியவற்றுக்கு அதிக எடை கொடுக்கின்றன. இவ்வளவுதான் விஷயம். ஒருவர் தானாகக் கண்டுபிடித்துப் பயப்படுவதற்கு முன் நாமே காட்டிவிட்டால் அந்தப் பயம் வராமலேயே போய்விடும்.

குறிப்புகளோடு வரும் ஸ்டடி பைபிள்களைப் பற்றி சுருக்கமாக. அடியில் இருக்கிற குறிப்பு வேதம் இல்லை, அதை எழுதியது ஒரு மனிதர், அவருக்கென்று ஒரு இறையியல் சாய்வு உண்டு. 1909-ல் வந்த ஸ்கோஃபீல்ட் பைபிள் கடைசிக்காலம் பற்றி ஒரு குறிப்பிட்ட பார்வையைக் குறிப்புகளில் வைத்தது, பல குடும்பங்களில் அந்தக் குறிப்புகளும் வசனமும் கலந்து ஒன்றாகவே ஆகிவிட்டன. முதல் பைபிளாக ஸ்டடி பைபிளை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டாவதாகச் சொல்வேன், அதுவும் எந்தப் பின்னணியில் எழுதப்பட்டது என்று சேர்த்துச் சொல்வேன்.

இனி புத்தகங்கள்

பைபிளைவிட இங்கேதான் நாம் அதிகம் சறுக்குகிறோம். முதல் விதி, நீங்கள் முழுசாகப் படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்காதீர்கள். பெரிய பெயர் என்பதால் சொல்லிவிட்டு, அவர் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு சந்தேகம் கேட்டு வரும்போது முழிப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். பாதிதான் படித்தீர்கள் என்றால் பாதிதான் படித்தேன் என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இரண்டாவது, புத்தகத்தின் எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். அகஸ்தீனின் 'கன்ஃபெஷன்ஸ்' 13 பகுதிகள் கொண்டது. முதல் ஒன்பதில் அவருடைய வாழ்க்கை, திருட்டுப் பேரிக்காய் முதல் தாய் மோனிக்காவின் மரணம் வரை, கண்ணில் தண்ணீர் வரவைக்கிற எழுத்து. பத்தாவதிலிருந்து நினைவு, காலம், படைப்பு என்று சிந்தனை வேறு பக்கம் போகிறது. முதல் வாசிப்புக்கு ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னால் அவர் முடிப்பார். சொல்லாவிட்டால் பத்தாவதில் விட்டுவிட்டு தனக்கு அறிவு போதாது என்று நினைத்துக்கொள்வார்.

'கிறிஸ்துநாதர் அநுசாரம்' 15-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதப்பட்டது, தாமஸ் அ கெம்பிஸ் எழுதியது. அதைக் குடும்பஸ்தர் படிக்கும்போது, உலகத்தை விட்டு ஒதுங்கு என்கிற வரிகள் பாரமாக விழும். யாருக்காக எழுதப்பட்டது என்று முதலிலேயே சொன்னால், எடுத்துக்கொள்ளவேண்டியதை எடுத்துக்கொள்வார். அதன் நான்காம் பகுதி நற்கருணையைப் பற்றியது. சில புராட்டஸ்டண்ட் பதிப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆள் பார்த்துச் சொல்வதற்கு இன்னும் சில உதாரணம் தருகிறேன். சின்னக் குழந்தைகளோடு நாள் முழுக்க வேலையில் நிற்கிற தாய்க்கு, சகோதரர் லாரன்ஸின் கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்த 'கடவுளின் பிரசன்னம்' பற்றிய அந்தச் சிறு நூல். அவர் பாரிஸில் ஒரு மடத்தின் சமையலறையில் வேலை செய்தவர், 1691-ல் இறந்த பிறகுதான் இவை புத்தகமாயின. கடிதங்கள் சின்னச் சின்னதுதான், அடுப்பில் ஏதாவது வேகிற நேரத்தில் ஒன்றைப் படித்துவிடலாம். வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவருக்கும், கூட்டத்தில் வந்த சண்டையால் மனம் உடைந்தவருக்கும் ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரின் 'லைஃப் டுகெதர்'. அவர் நடத்திய இரகசிய இறையியல் பள்ளியை நாஜிக் காவல்துறை 1937-ல் மூடியது, அங்கே சேர்ந்து வாழ்ந்த அனுபவத்திலிருந்து எழுதி 1939-ல் வெளியிட்டார். நாம் கற்பனை செய்து வைத்திருக்கிற சபை வேறு, கடவுள் கொடுத்திருக்கிற சபை வேறு என்று முதல் அதிகாரமே கேட்பதால், சபையில் அடிபட்டவர் அதைத் தனியாகப் படிக்காமல் யாருடனாவது சேர்ந்து படிப்பது நல்லது.

தமிழ்க் கவிதையில் ருசி உள்ளவரிடம் ஆங்கிலப் புத்தகங்களையே அடுக்கிக்கொண்டிருக்காதீர்கள். ஜான் பன்யன் 1678-ல் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' நம்மில் பலருக்கு உரைநடையாகத் தெரியும். அந்தக் கதையை எடுத்து ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று முழுக் காப்பியமாகவே பாடி 1894-ல் வெளியிட்டார். கம்பனைப் படித்த காதுக்கு அது உடனே பிடிக்கும். வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' 3615 பாடல், சூசையப்பரைத் தலைவராக வைத்த பெருங்காப்பியம். ஆனால் அதை உரையில்லாமல் யாருக்கும் கொடுக்கவேண்டாம். ஒரு படலத்தை உரையோடு சேர்ந்து படித்துக்காட்டிவிட்டு, பிடித்தால் மேலே போகட்டும் என்று விடுங்கள். நான் முதலில் உரையில்லாப் பதிப்பை எடுத்து இருபது பாட்டில் நின்றுபோனேன், அதனால் சொல்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர் ஆர்வத்தில் கேட்டால் வேதத்திலிருந்தே ஒரு பகுதியைக் கொடுங்கள், வேதத்தைப் பற்றிய புத்தகத்தை வேண்டாம். ரூத் நாலு அதிகாரம், யோனா நாலு அதிகாரம், பிரசங்கி பன்னிரண்டு. இலக்கியம் படிக்கிறவர் என்றால் யோபு. படித்தபின் அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள். அவரை மாற்றுவதற்காகக் கொடுத்தீர்கள் என்று அவர் உணர்ந்துவிட்டால் அந்த நட்பில் அடுத்த புத்தகம் கிடையாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஒருவருடைய குறையைச் சுட்டிக்காட்டப் புத்தகம் கொடுக்காதீர்கள். கோபக்காரருக்குக் கோபத்தைப் பற்றி, கணவன் மனைவி சண்டை நடக்கிற வீட்டுக்குத் திருமணத்தைப் பற்றி. அட்டையைப் பார்த்த உடனே அவருக்கு விஷயம் புரிந்துவிடும், உள்ளே ஒரு பக்கம்கூட ஏறாது. சொல்லவேண்டியது இருந்தால் வாயால் சொல்லுங்கள். அவராகக் கேட்டால் அப்போது புத்தகம்.

பதிப்பைப் பார்க்காமல் சொல்லாதீர்கள்

தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட கிறிஸ்தவப் புத்தகங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். இரண்டு தடவை படித்தும் எழுவாய் எங்கே என்று தெரியவில்லை என்றால், மூலம் எவ்வளவு நல்ல புத்தகமானாலும் அந்தத் தமிழை யாருக்கும் சிபாரிசு செய்யவேண்டாம். சுருக்கப் பதிப்பா என்று பாருங்கள். 'மோட்சப் பிரயாண'த்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு, 1684-ல் வந்தது, முதல் பாகத்தின் கதாநாயகன் கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் அதே வழியில் போகிற கதை. பல பதிப்புகளில் அது இருக்காது. என்னைக் கேட்டால் பெண்களுக்கும் பயந்த மனதுள்ளவர்களுக்கும் அந்த இரண்டாம் பாகம்தான் அதிக ஆறுதல். மத்தேயு ஹென்றியின் வேத விளக்கத்தைச் சொல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். அவர் 1714-ல் இறந்தபோது நடபடிகள் வரைதான் முடிந்திருந்தது, ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை அவருடைய குறிப்புகளை வைத்து மற்ற போதகர்கள் எழுதி முடித்தது. அனுமதியில்லாமல் சுற்றுகிற பிடிஎஃப்களை அனுப்பாதீர்கள், எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் உழைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சொல்கிற விதம்

"அருமையான புத்தகம், கட்டாயம் படிங்க" என்பதில் எந்தத் தகவலும் இல்லை. நான் எழுதி அனுப்புகிற பரிந்துரை ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இது சின்னப் புத்தகம். துக்கத்தில் இருக்கிறவர் எழுதியது, அதனால் முதல் பாதியில் கடவுள் மேல் கோபம் தெரியும், பயப்படாதீர்கள். தீர்வு எதுவும் கொடுக்காது. மூன்றாம் பகுதியில் மெல்ல மாறும். எனக்கு அதில் ஒத்துப்போகாத ஒரு இடமும் உண்டு, நீங்கள் படித்தபிறகு சொல்கிறேன். பாதியில் விட்டாலும் பரவாயில்லை." யாருக்கு, எவ்வளவு, எங்கே கடினம், என்ன கிடைக்காது, எதில் எனக்கு உடன்பாடில்லை, இந்த ஐந்தும் எப்படியாவது வந்துவிடவேண்டும். எழுதியவரைப் பற்றிப் பின்னால் கசப்பான உண்மைகள் வெளிவந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமாவது தெரிந்தால், தெரிந்தும் மறைத்தீர்களா என்ற கேள்வி வரும்.

அதற்கப்புறம் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை "படிச்சாச்சா?" என்று கேட்டால் புத்தகம் வீட்டுப்பாடமாகிவிடும், உங்களைப் பார்த்தாலே ஒளிந்துகொள்வார்கள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை, "எந்த இடத்துல நிறுத்தினீங்க?" என்று கேட்டால் போதும். அவர் நின்ற இடம் தெரிந்தால் அடுத்து எதைச் சொல்வது என்று தானாகத் தெரியும்.

அந்த அக்காவிடம் அப்படித்தான் பிறகு கேட்டேன். நான் கொடுத்த முதல் புத்தகத்தில் அவர் முன்னுரையைக்கூடத் தாண்டவில்லை. சின்னப் புத்தகத்தைக் கொடுத்தேன், இரண்டே இரவில் முடித்துவிட்டு அதைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் கழித்து அவரே வந்து, "அன்னைக்குத் திருப்பிக் கொடுத்தேனே, அந்தப் பெரிய புத்தகம் இன்னும் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.